பூட்டிய சக்கரத்துக்கே பூமாலை

அரசாங்கங்களுக்கு மிகவும் பிடித்த சக்கர நாற்காலி எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டாம். நகராத நாற்காலிதான். அதை இரும்புச் சட்டத்தில் ஏற்றி, அசையாதபடி இறுக்கிப் பூட்டி, மேலே கண்ணாடிக் கூரையும் சுற்றிலும் விளக்கும் போட்டு, ஒருவரை அதில் உட்காரவைத்துக் கையில் வாளையும் கொடுத்துவிட்டால் போதும். அமைச்சர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் தழுதழுப்பார்கள். பூட்டைக் கழற்றிக்கொண்டு அதே நாற்காலி தெருவுக்கு வந்து, "ஐயா, ரயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்கும்போதுதான் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

2024 செப்டம்பர் 3 முதல் 7 வரை, பாரிஸில் இந்த வைபவம் ஐந்து நாள் நடந்தது. இடம், கிராண்ட் பலே மாளிகை. நிகழ்ச்சி, பாராலிம்பிக்கின் சக்கர நாற்காலி வாள்வீச்சு. மொத்தம் 16 தங்கப் பதக்கங்கள்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பரிதாபப்படுவதற்கென்றே வந்தவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

இரண்டு நாற்காலிகளையும் தரையில் உள்ள ஒரே உலோகச் சட்டத்தில், வாள் பிடித்த கைகள் எதிரெதிரே வருமாறு சற்றுச் சாய்வாகப் பூட்டுவார்கள். ஒருவர் வாளை நீட்ட, மற்றவர் முழங்கையை மடித்துக் காட்ட, முனை எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து நடுவர் இடைவெளியை முடிவு செய்வார். இருவருக்கும் கை ஒரே நீளமாக இருக்காதே? யாருடைய அளவுப்படி இடைவெளி என்பதைக் கை குட்டையானவர்தான் தீர்மானிப்பார். அதற்குப் பிறகு பின்வாங்குதல் என்ற பேச்சே இல்லை. நின்று ஆடுகிறவருக்கு 14 மீட்டர் நீள மேடை இருக்கிறது. குத்து வருகிறதென்றால் நாலு எட்டு பின்னால் வைத்துத் தப்பிக்கலாம். இங்கே தப்பிக்க இருப்பது இடுப்புக்கு மேலுள்ள உடம்பு மட்டும். வாள் பிடிக்காத கை நாற்காலியை இறுகப் பற்றியிருக்கும். பாய்வதும் சாய்வதும் அந்தப் பிடியின் பலத்தில்தான். ஆகவே நின்று ஆடும் ஆட்டத்தைவிட இது பல சமயம் வேகமானது. முதல்முறை பார்க்கிறவருக்கு விளக்கு எரிந்தது தெரியும், எதற்கு எரிந்தது என்பது தெரியாது.

ஆயுதம் மூன்று: ஃபாயில், எப்பே, சேபர். ஃபாயிலின் முனை 500 கிராம் அழுத்தத்தோடு பதிந்தால்தான் விளக்கு எரியும். எப்பேக்கு 750 கிராம். எப்பேயில் இருவரும் ஒரு வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் ஒருவரையொருவர் குத்திவிட்டால் இருவருக்குமே புள்ளி. எப்பே ஆடுகிறவரின் மடியில் உலோக இழை நெய்த ஒரு போர்வை கிடக்கும். இடுப்புக்குக் கீழே பட்டது எதுவும் கணக்கில் வராமலிருக்க அந்த ஏற்பாடு. ஆவேசத்தில் இருக்கையை விட்டு உடம்பு எழும்பினால் குற்றம், மஞ்சள் அட்டை. இந்த விதிகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இத்தனை நுணுக்கமான ஆட்டத்தைப் பற்றி நம் காதில் விழுவது என்ன? "மனவுறுதி." இத்தாலியின் பெபே வியோ 2008-இல், பதினோரு வயதில், மூளைக்காய்ச்சல் கண்டு இரண்டு முன்கைகளையும் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் இழந்தவர். இடக்கையின் செயற்கை உறுப்போடு வாளைப் பொருத்திக்கொண்டு ஆடினார். ரியோவிலும் டோக்கியோவிலும் ஃபாயில் பி பிரிவில் தங்கம், பாரிஸில் வெண்கலம். விரல்களும் மணிக்கட்டும் இல்லாமல், வாள்முனையின் திசையைக் கடைசி நொடியில் எங்கிருந்து திருப்பினார் என்பதை ஒரு வாள்வீச்சுப் பயிற்சியாளர் மணிக்கணக்கில் பேசலாம். நமக்குச் சொல்லப்படுவதோ அவர் எப்படிச் சிரித்தார், அம்மா எப்படி அழுதார் என்பதுதான். ஆட்டம் முடிந்ததும் செயற்கைக்காலை மாட்டிக்கொண்டு நடந்துபோகிற வீரர்களும் இந்த விளையாட்டில் உண்டு. அதைப் பார்க்கும் சில ரசிகர்களின் முகத்தைக் கவனிக்க வேண்டும். கொடுத்த கண்ணீரைத் திருப்பிக் கேட்பார்கள் போலிருக்கும்.

ஹங்கேரியின் பால் செக்கரெஷ் 1988-இல் சோல் ஒலிம்பிக்கில் ஃபாயில் அணியோடு வெண்கலம் வாங்கியவர். 1991-இல் பஸ் விபத்து. 1992-இல் பார்சிலோனா பாராலிம்பிக்கில் தங்கம். அந்த நான்கு வருடத்தில் வாளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எதுவும் குறைந்துவிடவில்லை. அவர் நுழையக்கூடிய வாசல்கள்தான் குறைந்தன. "ஊனம் ஒரு தடையல்ல" என்று தலைப்புப் போடுகிற உதவி ஆசிரியர்கள் தெரியாமலே சரியாகத்தான் எழுதுகிறார்கள். ஊனம் தடையல்லதான். படிக்கட்டுதான் தடை.

இனி மாளிகைக்கு வருவோம். கிராண்ட் பலே 1900-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. அதே 1900-இல், அதே கண்காட்சிக் கூட்டத்தை ஏற்றி இறக்கத்தான் பாரிஸ் மெட்ரோவின் முதல் தடமும் ஓடத் தொடங்கியது. இரண்டும் ஒரே வயசு. மாளிகைக்கு மூட்டுவலி வந்தது; கூரை, தூண், தரை என்று ஒன்று விடாமல் சுமார் 46 கோடி 60 லட்சம் யூரோ செலவில் புதுப்பித்து, ஒலிம்பிக்குக்கு முன் பளபளவென்று நிறுத்திவிட்டார்கள். மெட்ரோவுக்கு லிஃப்ட் கேட்டால், "பாவம், அதற்கு ரொம்ப வயதாகிவிட்டது, தொடக்கூடாது" என்கிறார்கள். ஒரே வருடம் பிறந்த இரண்டு கிழவிகளில் ஒருத்திக்குப் பட்டுப்புடவை, இன்னொருத்தியைக் காட்டி, கேட்க வந்தவர்களை விரட்டுவது! முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ள அந்த மெட்ரோவில், தொடக்கம் முதல் முடிவு வரை சக்கர நாற்காலியில் போய்வரக்கூடிய தடம் ஒன்றே ஒன்று. 1998-இல் திறந்த 14-ஆவது தடம். மற்றத் தடங்களில் அங்குமிங்கும் புதிதாகச் சேர்ந்த நிலையங்களைக் கூட்டினாலும் பத்தில் ஒன்று என்ற கணக்கைத் தொடுவதற்கே மூச்சு வாங்கும்.

கிராண்ட் பலேயின் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது: ஷான்ஸ் எலிஸே கிளெமான்ஸோ. 1-ஆவது தடமும் 13-ஆவது தடமும் அங்கே சந்திக்கின்றன. உள்ளே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உலகின் தலைசிறந்த வாள்வீரர்கள் மோதிய மாளிகைக்கு, சக்கர நாற்காலியில் வர நினைக்கிற ரசிகருக்கு அந்த நிலையத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. படி, படி, மேலும் படி. ஆற்றைத் தாண்டினால் அன்வலீத் வளாகம். போரில் ஊனமுற்ற சிப்பாய்கள் தங்குவதற்கென்று 14-ஆம் லூயி 1670-இல் கட்ட உத்தரவிட்டது. அதன் முன்னே விரிந்த புல்வெளியில்தான் பாராலிம்பிக் வில்வித்தை நடந்தது. அதன் பெயர் தாங்கிய நிலையத்தின் மெட்ரோத் தடங்களுக்கும் லிஃப்ட் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டின் முடிமன்னனுக்கு, ஊனமுற்றவர் எங்காவது இருந்தாக வேண்டும் என்கிற அளவுக்காவது தோன்றியிருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டின் குடியரசுக்கு அவர்கள் எங்கும் போக வேண்டாம் என்று தோன்றுகிறது.

சட்டம் இல்லையா என்பீர்கள். பேஷாக இருக்கிறது. 2005 பிப்ரவரியில் பிரான்ஸ் ஓர் அருமையான சட்டம் போட்டது. பொதுமக்கள் புழங்கும் எல்லா இடங்களும் பத்து வருடத்துக்குள் எல்லோரும் நுழையும்படி ஆகிவிட வேண்டும். எல்லாம் என்றால் எல்லாம்; பழைய மெட்ரோவின் சுரங்கம் மட்டும் விலக்கு. 2015 நெருங்கியதும், "முடிக்கவில்லையா, பரவாயில்லை, எப்போது முடிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று மற்றவர்களுக்கும் தவணை கொடுத்தார்கள். 2018-இல் இன்னும் ஒரு படி இறங்கினார்கள். புதிதாகக் கட்டும் அடுக்ககங்களில் எல்லா வீடுகளும் சக்கர நாற்காலிக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்ற விதியை, ஐந்தில் ஒரு வீடு போதும் என்று தளர்த்தினார்கள். பாராலிம்பிக் பாரிஸுக்கு என்று முடிவானது 2017-இல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு அடுத்த வருடமே வாசலைக் குறுக்கிய புண்ணியவான்கள். 2023 ஏப்ரலில் ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை பிரான்ஸ் மீறியிருக்கிறது என்ற தன் முடிவை வெளியிட்டது. அதற்குள் போட்டிக்கான சின்னம், பொம்மை எல்லாம் தயாராகிவிட்டதால் யாருக்கும் அதை உட்கார்ந்து படிக்க நேரமில்லை.

போட்டி நெருங்கியது. மானம் போய்விடும் என்ற பயத்தில் ஏற்பாடுகள் செய்தார்கள். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ஆயிரம் டாக்சி, முன்பதிவு செய்தால் வரும் வேன். "பஸ் எல்லாம் வசதியானதுதானே?" என்றும் கேட்டார்கள். உண்மை, பாரிஸின் பஸ்களில் சரிவுப் பலகை இருக்கிறது. ஆனால் ஒரு பஸ்ஸில் ஒன்றிரண்டு நாற்காலிக்குத்தான் இடம். வாள்வீச்சு அணிப்போட்டியில் ஆளுக்கொரு முறை மாறி மாறி மோத மூன்று பேர் வேண்டும். மூன்று நண்பர்கள் சக்கர நாற்காலியில் அதைப் பார்க்கக் கிளம்பினால் ஒருவரையாவது நிறுத்தத்தில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பாராலிம்பிக் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, பாரிஸ் வட்டாரத்தின் தலைவி வலேரி பெக்ரெஸ் "எல்லோருக்குமான மெட்ரோ" என்று ஒரு கனவை அறிவித்தார். இருபது வருடம் ஆகுமாம். 1,500 கோடியிலிருந்து 2,000 கோடி யூரோ ஆகுமாம். அரசும் நகராட்சியும் பங்கு தர வேண்டுமாம். பந்தி போட்ட பிறகு பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் தேடுவது நம் ஊருக்கு மட்டுமே உரிய கலை என்று நினைத்திருந்தேன். இத்தனைக்கும் அதே பாரிஸைச் சுற்றி 200 கிலோமீட்டர் புதிய மெட்ரோப் பாதை தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், நிலையத்துக்கு நிலையம் லிஃப்ட்டோடு. ஆகவே தோண்டத் தெரியாமலில்லை, பணமும் இல்லாமலில்லை. 1924-இல் ஓடத் தொடங்கிய பார்சிலோனா மெட்ரோவும் கிழவிதான். அங்கே பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு லிஃப்ட் வந்துவிட்டது.

இந்த விளையாட்டின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மான், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களைப் படுக்கையிலிருந்து கிளப்பி விளையாடவைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரோடு ஒரு வில்வித்தைப் போட்டி. ஐம்பதுகளில் வாள்வீச்சும் சேர்ந்தது. 1960-இல் ரோமில் முதல் பாராலிம்பிக் என்று இன்று நாம் கணக்கிடும் போட்டி நடந்தபோது வாள்வீச்சும் அதில் இருந்தது. சுமார் 400 பேர் வந்திருந்தார்கள். அவர்களைத் தங்கவைத்த கட்டடங்கள் தூண்கள் மேல் நின்றன. படி ஏறித்தான் அறைக்குப் போக முடியும். என்ன செய்தார்கள் தெரியுமா? இத்தாலிய ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். சிப்பாய்கள் வீரர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள், இறங்கினார்கள். வாளெடுத்துத் தன் நாட்டுக்காக மோத வந்தவரை மூட்டையாகத் தூக்கிப் போனதை அன்று யாரும் அவமானமாக நினைக்கவில்லை, உபசாரம் என்றே நினைத்தார்கள். எட்டு வருடம் கழித்து மெக்சிகோ நகரம் அந்த உபசாரத்துக்குக்கூடத் தயாராக இல்லை. ஒலிம்பிக்கை வைத்துக்கொண்டு பாராலிம்பிக்கை வேண்டாம் என்றது, போட்டி டெல் அவீவுக்குப் போனது. 1980-இல் மாஸ்கோவும் கதவைச் சாத்த, நெதர்லாந்தின் ஆர்னெம் நகரம் இடம் கொடுத்தது. அவர்கள் வெளிப்படையாக விரட்டினார்கள். பாரிஸ் நாகரிகமான ஊர். மாலை போட்டு வரவேற்றுவிட்டு, திரும்பிப் போக வழி கேட்டால்தான் கையை விரிக்கும்.

பாரிஸில் நம்மவர்கள் கடைவீதியாக்கிக்கொண்ட லாச்சப்பலுக்கும் இதே கதிதான். தலைக்கு மேலே பாலத்தில் ஓடுகிற 2-ஆவது தடத்தின் நிலையம். முழங்கால் தேய்ந்த அம்மாமார் இடியப்ப மாவும் முருங்கைக்காயும் நிறைந்த பையோடு படியில் நின்று மூச்சு வாங்குவதற்குப் பாராலிம்பிக் வந்துபோனதால் ஒரு மாற்றமும் இல்லை. லிஃப்ட் என்பது வாள்வீரருக்கு மட்டும் தேவைப்படுகிற சலுகை என்று நினைக்கிற அமைச்சர்கள் தங்களுக்கு வயதே ஆகாது என்று எங்கோ எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

"ஆகா, பிரெஞ்சுக்காரன் மாட்டிக்கொண்டான்" என்று சிரிப்பதற்கு நமக்கு யோக்கியதை உண்டா? 2015 மார்ச்சில் காஜியாபாதில் தேசிய பாரா தடகளப் போட்டி நடந்தது. கட்டி முடிக்காத கட்டடத்தில் வீரர்களைத் தங்கவைத்தார்கள். அவர்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இல்லை. அந்தக் கூத்தும் நிர்வாகிகளின் குடுமிப்பிடிச் சண்டையும் சேர்ந்து, இந்திய பாராலிம்பிக் கமிட்டியை சர்வதேச கமிட்டி இடைநீக்கம் செய்தது. அடுத்த வருடம் ரியோவில் சேலத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டித் தங்கம் வாங்கியதும் அதே தேசம் கட்டிப்பிடித்துக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் கொடுத்தது. கொடுக்கட்டும், நன்றாகக் கொடுக்கட்டும். தாண்டுவதற்கு முன்னால் ஒரு கழிப்பறை கொடுத்தால் இன்னும் சில பேர் தாண்டுவார்கள்.

பாரிஸுக்கு இந்தியா 84 பேரை அனுப்பி 29 பதக்கம் வாங்கியது. கலந்துகொண்ட 12 விளையாட்டுகளில் வாள்வீச்சு இல்லை. ஒலிம்பிக்கில் வாளெடுத்த முதல் இந்தியர் சென்னையின் பவானி தேவி என்று நாம் மார்தட்டுகிறோம், நியாயம்தான். ஆனால் சக்கர நாற்காலியில் ஒரு பெண் அதே வாளை எடுக்க நினைத்தால், வாளுக்கு முன்னால் அவள் பயிற்சிக்கூடத்தின் வாசற்படியோடு மோத வேண்டும். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. பொது இடங்களின் அணுகல் வசதி கேட்டு 2005-இல் பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: நீங்கள் எழுதிவைத்திருப்பது வெறும் பரிந்துரை, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதியாக எழுதுங்கள். பிரான்ஸில் சட்டம் வந்ததும் இங்கே மனு போனதும் ஒரே 2005-இல். இந்த ஓட்டப்பந்தயத்தில் இரண்டு நாடுகளும் சமமாக ஓடியிருக்கின்றன, அதாவது நின்றிருக்கின்றன.

பேசிப் பயனில்லை என்பதால் ஒரு யோசனை சொல்கிறேன். ஃபாயில், எப்பே, சேபரோடு நான்காவதாக ஓர் ஆயுதத்தைச் சேர்த்துவிடலாம்: கோப்பு. ஆடுகிறவர்கள் மத்திய அரசு, வட்டாரம், நகராட்சி, ரயில் நிர்வாகம். விதிகளைப் புதிதாக எழுத வேண்டிய அவசியமே இல்லை, இருக்கிற விதிகளே கச்சிதமாகப் பொருந்துகின்றன. தூரத்தைக் கை குட்டையானவர் தீர்மானிக்கட்டும்; "இது எங்கள் கைக்கு எட்டாது" என்று முதலில் சொல்கிற துறைதானே எப்போதும் தீர்மானித்து வந்திருக்கிறது. எல்லோர் மடியிலும் அந்த உலோகப் போர்வை இருக்கட்டும். இடுப்புக்குக் கீழே உள்ள விஷயங்களான படி, வாசல், நடைபாதை, கழிப்பறை எதுவும் அவர்கள் மேல் பட்டதாகக் கணக்கில் வராது. விளக்கு எரிய 500 கிராம் அழுத்தம் போதாது. சர்வதேச கமிட்டி ஆய்வுக்கு வரும் வாரத்தில் மட்டும் எரியும்படி மின்சாரத்தைத் திருத்தி அமைக்கலாம். வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்பதை இருபது வருடமாக மாற்றினால், அதற்குள் யார் யாரைக் குற்றம் சொன்னாலும் இருவருக்கும் புள்ளி. ஆட்டம் சமன். மறு ஆட்டம் அடுத்த பாராலிம்பிக் நடக்கும் ஊரில்.

இருக்கையை விட்டு உடம்பு எழும்பினால் மஞ்சள் அட்டை என்ற விதியையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். நடுவர் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். இந்த ஆட்டக்காரர்களில் ஒருவரும் அந்தக் குற்றத்தை இதுவரை செய்ததில்லை.